ஆறாவது கையெழுத்து

வருஷம் டீச்சர் தன் பத்தொன்பது வருட சர்வீஸில் யார் முன்னாலும் அசடு வழிந்து நின்றதில்லை. அந்தக் குறையை ஒரு சனிக்கிழமை காலையில், தலைமையாசிரியரின் அறையில், டீச்சரே எழுதிய ஒரு வரி தீர்த்துவைத்தது.

'வருஷம் டீச்சர்' என்பது பிள்ளைகள் வைத்த பெயர். யார் எதைச் சொன்னாலும் "எந்த வருஷம்?" என்று கேட்பது அவர் வழக்கம். போர், ஒப்பந்தம், அணைக்கட்டு என்று எதுவானாலும் வருஷம் சொல்லாவிட்டால் மார்க் கிடையாது. பின்னால் பேசும் பெயர் தனக்குத் தெரியாததுபோல இருந்துகொள்வார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

தலைமையாசிரியர் பாடக்குறிப்பு நோட்டைத் திருப்பி டீச்சர் பக்கம் நகர்த்தினார். அடுத்த வாரம் என்ன நடத்தப்போகிறோம், எப்படி நடத்தப்போகிறோம் என்று ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டிய நோட்டு அது. நோக்கம், கருவிகள், செயல்பாடு என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டம் மட்டும் வகுப்பு முடிந்த பிறகு நிரப்ப வேண்டியது. அதன் பெயர் விளைவு.

"எட்டாம் வகுப்புக்கு வரலாற்றுச் சான்றுகள் பாடம் என்னைக்கு டீச்சர்?"

"திங்கட்கிழமை சார்."

"விளைவுல என்ன எழுதியிருக்கீங்கன்னு நீங்களே படிங்களேன்."

டீச்சர் படித்தார். 'மாணவர்கள் மிகுந்த ஆர்வத்துடன் பல கேள்விகள் கேட்டனர்.'

"நாளன்னைக்குக் கேக்கப்போற கேள்விய நேத்தே கேட்டுட்டாங்களா? பரவால்லையே, நம்ம பசங்க காலத்தையே தாண்டிட்டாங்க!"

மூலையில் விடைத்தாள் கட்டிக்கொண்டிருந்த கணக்கு சார் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். உண்மையில் அவர் சிரிக்க அருகதை இல்லாதவர். போன வருட நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதியை மட்டும் மாற்றி எழுதுவது அந்தப் பள்ளியில் எல்லாரும் செய்கிற காரியம். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிக் கட்டத்தையும் சேர்த்து எழுதிவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

தலைமையாசிரியர் விஷயத்துக்கு வந்தார். கணக்கில் மார்க் சரிந்துவிட்டது. அதனால் வரலாற்றுக்கு இருக்கும் நாலு பீரியடில் இரண்டை எடுத்துக் கணக்குக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை தாளாளர் வருகிறார், அவர் முன்னால் கூட்டம், முடிவு.

"பழைய நோட்டப் பாத்து எழுதுற பாடத்துக்கு வாரத்துல நாலு பீரியட் எதுக்கு டீச்சர், நீங்களே சொல்லுங்க?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. அநியாயமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பார். சொன்னதில் நியாயம் இருந்ததால் வாய் வரவில்லை, கோபம் மட்டும் வந்தது. அதில் பாதிக்கு மேல் தன்மேலேயே வந்த கோபம்.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு முன்னாடி தாளாளர என் வகுப்புல வந்து உக்காரச் சொல்லுங்க சார். ஒரு பீரியட் பாக்கட்டும். அப்புறம் முடிவு பண்ணட்டும்."

"திங்கட்கிழமை காலைல புதுக் குறிப்பு என் மேசைல இருக்கணும்."

"இருக்கும் சார்."

வெளியே வந்ததும் கணக்கு சார் பின்னாலேயே ஓடிவந்தார். "டீச்சர், சத்தியமா அந்த ரெண்டு பீரியட் நான் கேக்கல. இருக்கறதுக்கே எனக்குத் தொண்டை கட்டுது" என்றார். நம்பலாம்போலத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு வெள்ளைத்தாளோடு உட்கார்ந்தார். பழைய நோட்டுகளை எல்லாம் பரணில் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். பஸ் ஓட்டும் கணவருக்கு அன்று விடுமுறை. அவர் எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் நாத்தனார் ஜன்னலோரம் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"சான்றுன்னா கல்வெட்டு, நாணயம், ஓலைன்னு புத்தகத்துல போட்டிருக்கு. பசங்க ஒண்ணையும் தொட்டதும் இல்ல, பாத்ததும் இல்ல. மனப்பாடம் பண்ணி எழுதிட்டுப் போயிடுதுங்க" என்றார் டீச்சர்.

"ஓட்டிப் பாக்காம வண்டி பழக முடியுமா? கையில ஸ்டியரிங்க குடு" என்றார் கணவர்.

"கல்வெட்டுக்கு எங்க போறது?"

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அண்ணி, உங்க ஸ்கூல் பின்பக்கம் ஒரு கேட் செங்கல் வெச்சு அடைச்சுக் கெடக்கே, அது ஏன்?"

"திருடன் வந்து ஸ்கூல் மணியத் தூக்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் அடைச்சுட்டாங்க."

"எந்த வருஷம்?"

கணவர் பீன்ஸை விட்டுவிட்டுச் சிரித்தார். உலகத்து வருஷங்களை எல்லாம் கரைத்துக் குடித்த டீச்சருக்கு, தினமும் கடந்துபோகிற சுவரின் வருஷம் தெரியவில்லை! யார் சொல்லித் திருடன் கதை தனக்குத் தெரியும் என்பதும் ஞாபகம் வரவில்லை. சிரிப்பும் வெட்கமுமாகத் தாளை இழுத்து மேலே எழுதினார்: 'பின்வாசல் எப்போது, ஏன் மூடப்பட்டது?'

அதற்குப் பிறகு பேனா நிற்கவில்லை. வகுப்பை நாலு குழுவாகப் பிரித்தார். ஒன்று சுவரைப் பார்க்கும், ஒன்று ஆட்களைக் கேட்கும், ஒன்று பழைய படங்களைத் தேடும், ஒன்று ஆவணங்களைப் படிக்கும். தகவல் சேகரிக்க நாலு நாள், வெள்ளிக்கிழமை சபையில் வைப்பது. விதி ஒன்றே ஒன்றுதான் எழுதினார்: கிடைத்த எதையும் யாரும் ஒளிக்கக் கூடாது. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் 'மாணவர்கள்' என்று எழுதப்போன கையை இழுத்துக்கொண்டார். அதைக் காலியாகவே விட்டார்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "விளைவு எங்க?"

"இன்னும் நடக்கல சார்."

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

எட்டாம் வகுப்பில் 'வக்கீல்' என்று ஒரு பெண் இருந்தாள். எதற்கும் எதிர்வாதம் வைத்திருப்பாள் என்பதால் அந்தப் பெயர். பழைய சாமான்களைப் பிரித்து எடைக்குப் போடுகிறவர்கள் வாழும் பின்தெருவில் அவள் வீடு. அவள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் பள்ளி மைதானம் தெரியும். ஆனால் முன்வாசலுக்கு வந்து சேரப் பெரிய தெருவைச் சுற்றி இருபத்தைந்து நிமிடம் நடக்கவேண்டும். ஆவணக் குழுவை வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நாலே நாளில் வகுப்பு தேன்கூட்டைக் கலைத்ததுபோல ஆகிவிட்டது. சுவர்க் குழு அளவு நாடாவோடு திரிந்து, அடைப்புச் செங்கல் மற்றச் செங்கலைவிட அரை அங்குலம் சின்னது என்று கண்டுபிடித்தது. ஆட்களைக் கேட்ட குழு மூன்று காரணங்களோடு திரும்பியது. பழைய காவலாளி திருடன் என்றார். சலவைக் கடைக்காரர் லாரி இடித்தது என்றார். மூன்றாவதாக ஒரு அம்மா, கேட் என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை என்று அடித்துச் சொன்னார்.

"மூணு பேரும் பொய் சொல்றாங்களா டீச்சர்?"

"இருக்காது. அவங்க அவங்களுக்கு ஞாபகம் இருக்கறதச் சொல்றாங்க. ஞாபகமும் ஒரு சான்றுதான், ஆனா அது தனியா நிக்காது."

இந்த வாக்கியம் எந்தப் பழைய நோட்டிலும் இல்லை. டீச்சருக்கே அது தன் வாயிலிருந்து வந்ததில் சந்தோஷம்.

புதன்கிழமை படக் குழு கூச்சல் போட்டுக்கொண்டு வந்தது. வராந்தாவில் மாட்டியிருந்த பழைய வகுப்புப் படங்கள் இரண்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். படத்தில் ஒரு பிள்ளை பிடித்திருக்கும் பலகையில் வருஷம் எழுதியிருக்கும். பதினெட்டு வருடத்துக்கு முந்திய படத்தில், பின்னால் கேட் திறந்து கிடந்தது. அதற்கு இரண்டு வருடம் பிந்திய படத்தில் அங்கே சுவர்.

"டீச்சர், இங்க பாருங்க. ரெண்டாவது படத்துல கேட் இல்ல, ஆனா மணி தொங்குது! அப்போ திருடன் எது வழியா வந்தான்?"

திருடன் கதை அந்த இடத்திலேயே செத்தது. டீச்சர் கைதட்டினார். அதே நேரம் மனத்துக்குள் கணக்கு ஓடியது. அந்த இரண்டு வருடத்திலும் அவர் இதே பள்ளியில்தான் இருந்தார். சுவர் எழுப்பியதைப் பார்த்திருக்கவேண்டும். ஏன் ஞாபகம் இல்லை?

வியாழக்கிழமை மதியம் எழுத்தர் அந்த இரண்டு வருடத்துத் தீர்மான நோட்டுகளைத் தூசி தட்டிக் கொடுத்தார். ஆவணக் குழுவிடம் கொடுக்கும் முன் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று டீச்சர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து புரட்டினார். நடுப்பக்கத்தில் அது இருந்தது.

'பின்தெருப் பிள்ளைகள் பின்வாசல் வழியே நேராக மைதானத்துக்குள் வருவதால் பள்ளியின் தோற்றம் கெடுவதாக முன்தெருப் பெற்றோர் தெரிவித்ததை ஏற்று, அவ்வாசலை நிரந்தரமாக மூட ஆசிரியர் குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.'

கீழே எட்டுக் கையெழுத்துகள். ஆறாவது அவருடையது.

தூக்கிவாரிப் போட்டது. கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். சந்தேகமே இல்லை, அந்த வால் நீண்ட எழுத்து அவருடையதுதான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். நோட்டு மேசை மேசையாக வரும், மேலே இருக்கும் கையெழுத்துகளைப் பார்ப்பார், தன்னுடையதைப் போடுவார், அடுத்த மேசைக்குத் தள்ளுவார். ஒரு வரிகூடப் படித்த ஞாபகம் இல்லை. பிறகு எவனோ மணியைத் திருடியதும், சுவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதை இத்தனை வருடம் அவரும் நம்பினார், கேட்டவர்களிடமும் சொன்னார். வெட்கத்தில் காது மடல்வரை சுட்டது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னார். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே யோசித்தார்.

"அந்த நோட்ட ஆபீஸ்லயே விட்டுடேன். கெடைக்கலன்னு சொல்லிடு. திருடன் இல்லைங்கறவரைக்கும் பசங்க கண்டுபிடிச்சிருக்குல்ல, அதுவே பெரிசு. தாளாளர் முன்னாடி இதெல்லாம் கெளப்பினா உன் பீரியட் போனது போனதுதான்."

"ஒளிக்கக் கூடாதுன்னு போர்டுல எழுதிப் போட்டது நாந்தாங்க."

"அது பசங்களுக்கு."

"எனக்கு இல்லன்னு எங்கயும் எழுதலையே!" டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். "பீரியட் போனா போகட்டும்னு நான் சொல்லமாட்டேன். அந்த நாலும் எனக்கு வேணும், தலைகீழா நின்னாவது வெச்சுப்பேன். ஆனா அதுக்காக அந்தப் பக்கத்த ஒளிச்சா, அப்புறம் அந்த நாலு பீரியட்லயும் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நடத்துறது?"

இந்தக் குரல் வந்தால் பிரேக் பிடிக்காது என்று கணவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை முதல் மணிக்கே அந்த நோட்டை வக்கீலின் கையில் கொடுத்தார். "முழுசாப் படி. மதியம் படிக்கும்போது ஒரு வரியும் விடக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

மதியம் தாளாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு. தாளாளர் கனத்த மனிதர், முழங்கால் மேசையில் இடித்தது. தலைமையாசிரியர் மரியாதைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கணக்கு சாரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

சுவர்க் குழு செங்கல்லைக் காட்டியது. மூன்று காரணங்களையும் மூன்று பிள்ளைகள் நடித்தே காட்டினார்கள். படக் குழு திருடனைச் சுவர் ஏறிக் குதிக்க வைத்தபோது தாளாளரே சிரித்துவிட்டார். கடைசியாக வக்கீல் எழுந்தாள். தீர்மானத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். 'பள்ளியின் தோற்றம் கெடுவதாக' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மேலே படித்தாள். வகுப்பில் பின்தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர் இருந்தார்கள். பிறகு அவள் கையெழுத்துகளை வாசிக்க ஆரம்பித்தாள். ஐந்து பேர் முடிந்ததும் நிறுத்திவிட்டு டீச்சரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நிறுத்தாத. படி."

ஆறாவது பெயரைப் படித்தாள். ஏழாவது கணக்கு சாருடையது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

டீச்சர் தன் நாற்காலியைத் தூக்கிவந்து வகுப்பின் நடுவில் போட்டு உட்கார்ந்தார். "இதுல சாட்சி நான். என்னையும் கேளுங்க" என்றார்.

வக்கீல் நோட்டை ஒரு தரம் பார்த்தாள், டீச்சரை ஒரு தரம் பார்த்தாள். ஆனால் அவள் வக்கீல்.

"படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டீங்களா டீச்சர்?"

"இல்ல."

"எங்ககிட்ட மட்டும் எந்த வருஷம், யாரு, எதுக்குன்னு கேப்பீங்களே. அன்னைக்கு ஏன் கேக்கல?"

"புதுசா சேந்திருந்தேன், பயம்னு சொல்லலாம்னு பாத்தேன்." டீச்சர் மூச்சை இழுத்துவிட்டார். "ஆனா அது பொய். பயம்கூட இல்ல. எல்லாரும் போட்டிருந்தாங்க, நானும் போட்டேன். சோம்பேறித்தனம்."

"எங்க பெரியக்கா அந்த கேட் வழியாதான் வந்துச்சாம். மூடுனதும் சுத்தி வரணும். தெனம் லேட்டு, தெனம் வெளிய நிக்க வெச்சாங்களாம். அடுத்த வருஷம் படிப்ப நிறுத்திடுச்சு."

டீச்சர் அந்த அக்காவின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தார். வரவில்லை. வெளியே நிற்க வைத்தவர்களில் தானும் ஒருத்தியா என்பதும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

"தப்பு பண்ணிட்டேம்மா. உங்க அக்காகிட்டயும் நான் வந்து சொல்றேன்" என்றார்.

தாளாளர் தொண்டையைச் செருமினார். "அந்த கேட் விஷயத்தப் பாக்கலாம்" என்றார்.

"எந்த வருஷம் சார்?" என்றாள் வக்கீல்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அந்தப் பெயர் டீச்சருக்குத் தெரியாது என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்த சில பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மூன்றேகால் மணிக்கு ஆசிரியர் அறையில் இந்த வருடத் தீர்மான நோட்டு சுற்றிக்கொண்டிருந்தது. மேசை மேசையாக வந்து டீச்சரிடம் சேர்ந்தது. ஐந்து கையெழுத்துகள் விழுந்திருந்தன, ஐந்தாவது கணக்கு சாருடையது. இந்த முறையும் டீச்சருக்கு ஆறாவது இடம்தான்.

"சீக்கிரம் போட்டுக் குடுங்க டீச்சர், நாலு மணிக்குக் கூட்டம்" என்றார் வாசலில் நின்ற தலைமையாசிரியர்.

"படிச்சுட்டுப் போடறேன் சார்."

டீச்சர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு அறை முழுக்கக் கேட்கும்படி படித்தார். 'இன்று மாலை நான்கு மணிக்கு நடைபெற்ற கூட்டத்தில் விரிவாக விவாதித்தபின், வரலாற்றுப் பாடவேளைகளில் இரண்டைக் கணிதத்துக்கு மாற்ற ஆசிரியர் குழு ஒருமனதாகச் சம்மதிக்கிறது.'

"வெறும் ஃபார்மாலிட்டி டீச்சர். நேத்தே எழுதி வெச்சது."

"நாலு மணிக்கு நடக்கப்போற கூட்டத்துல நேத்தே விவாதிச்சு முடிச்சுட்டோமா சார்? பரவால்லையே, நம்ம டீச்சருங்களும் காலத்தையே தாண்டிட்டாங்க!"

கணக்கு சார் பாய்ந்துவந்து நோட்டைப் பிடுங்கினார். ஒரு முறை படித்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"மதியம் ஏழாவது, இப்ப அஞ்சாவது. ஒரே நாள்ல ரெண்டு தடவையா ஒரு மனுஷன் மாட்டுவான்? எனக்கு இந்த ரெண்டு பீரியட் வேணாம் சார்." தன் கையெழுத்தின் குறுக்கே அழுத்தமாகக் கோடு போட்டு, நோட்டைத் தனக்கு மேலே கையெழுத்துப் போட்டிருந்த நாலு பேரிடம் திருப்பி அனுப்பினார். அவர்களும் முதல் முறையாக அதைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

நாலு மணிக் கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒருமனது இல்லாத தீர்மானத்தைத் தலைமையாசிரியரால் மேலே வைக்க முடியவில்லை. "வரலாறு நாலாவே இருக்கட்டும். கணக்குக்கு வேற வழி பாருங்க" என்று தாளாளர் எழுந்துவிட்டார். கேட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டீச்சரும் அன்று அதைக் கேட்கவில்லை. திங்கட்கிழமைக்கு எட்டாம் வகுப்புக்குக் குடிமையியல் பாடம் இருந்தது. மனு எழுதுவது எப்படி என்ற அந்தப் பாடத்தை அவர் எந்த வருடமும் ஒழுங்காக நடத்தியதில்லை. இந்த வருடம் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஆளுக்கு ஒன்று எழுதப்போகிறார்கள், யாருக்கு என்பதும் அவருக்குத் தெரியும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் பாடக்குறிப்பு நோட்டை எடுத்து, காலியாகக் கிடந்த கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, ஒரு வகுப்பில் உண்மையிலேயே நடந்ததை விளைவாக எழுதினார்.

'மாணவர்கள் ஒரு கேள்வி கேட்டனர். படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டீர்களா?'